தானாகப் பிடிக்கும் பிரேக்: கார் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஷோரூமுக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் 'ஏடாஸ்' (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு வசதிகளின் தொகுப்பு) என்று தொடங்கி ஒரே மூச்சில் பத்து வசதிகளை அடுக்குகிறார். அவற்றில் ஒன்றுதான் தானியங்கி அவசர பிரேக், சுருக்கமாக ஏஇபி. தடம் விலகினால் ஸ்டியரிங்கைத் திருப்புவது, முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கேற்பத் தானே ஓடுவது போன்ற மற்ற வசதிகள் இல்லாமலேயே நிம்மதியாகக் கார் ஓட்டலாம். ஏஇபி மட்டும் இருந்தே ஆக வேண்டியது என்பது என் கருத்து. ஆனால் அதைப் பற்றி விற்பனையாளர் சொல்வதும் வாட்ஸ்அப் காணொளிகள் காட்டுவதும் பாதிக் கதைதான். கார் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டுத் திடீர் பிரேக்கில் மிரண்டு போனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஏற்கெனவே ஏபிஎஸ் இருக்கிறதே, ஏஇபி வேறு எதற்கு?

இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. நீங்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்வது ஏபிஎஸ். மிதிக்க வேண்டியவர் நீங்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம். நீங்கள் மிதிக்காதபோதும், மிதித்தது போதாதபோதும் தானே பிரேக் பிடிப்பது ஏஇபி. அப்படிப் பிடிக்கும்போதும் வண்டி வழுக்காமல் காப்பாற்றுவது ஏபிஎஸ்தான்.

இது நேற்று முளைத்த தொழில்நுட்பமும் அல்ல. ஜப்பானில் ஹோண்டா 2003-லேயே இதன் முதல் வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2008-இல் வோல்வோ எக்ஸ்சி60 காரில் வந்த ஏற்பாடு லேசர் கொண்டு முன்னால் நிற்கும் வண்டியை அறிந்து, 30 கிலோமீட்டர் வேகம் வரை வேலை செய்தது. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியது 2020-இல் எம்ஜி குளோஸ்டரும் அதற்கு மறு ஆண்டு மஹிந்திரா எக்ஸ்யூவி 700-உம் வந்த பிறகு. எக்ஸ்யூவி 700 உருவானது செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில்.

பிரேக் பிடிக்க வேண்டும் என்று காருக்கு எப்படித் தெரிகிறது?

முன்கண்ணாடியின் உள்பக்கம், ரியர்வியூ கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா இருக்கும். பல கார்களில் கிரில்லுக்குப் பின்னாலோ பம்பரிலோ ஒரு ரேடாரும் இருக்கும். இரண்டும் சேர்ந்து, முன்னால் இருப்பது என்ன, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த வேகத்தில் நெருங்குகிறோம் என்று வினாடிக்குப் பலமுறை கணக்கிடுகின்றன. கணினி பார்ப்பது தூரத்தை விட நேரத்தைத்தான். இதே வேகத்தில் போனால் இடிக்க இன்னும் எத்தனை வினாடி?

அந்த நேரம் சுமார் இரண்டரை வினாடிக்கு இறங்கினால் பீப் பீப் என்று அலறும். முன்திரையில் சிவப்பாகப் படம் மின்னும். சில கார்களில் சீட் பெல்ட் ஒரு இழுப்பு இழுக்கும். அப்போதும் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் லேசாக பிரேக் விழும். இனியும் தாமதித்தால் இடிதான் என்ற கட்டத்தில் முழு பலத்துடன் பிடித்துவிடும். காருக்குக் கார் இந்தக் கணக்கு சற்று மாறும்.

முதன்முறை அனுபவிப்பவர்கள் அரண்டு போவது இயல்பு. உடல் முன்னால் வீசப்பட்டு பெல்ட்டில் மாட்டி நிற்கும். டேஷ்போர்டில் வைத்த கைப்பேசி பறந்து கண்ணாடியில் அடிக்கும். கால் பெடலின் மேல் இருந்தால், அதுவாகவே உள்ளே இறங்குவதும் ஏபிஎஸ் வேலை செய்யும் கடகடப்பும் பாதத்தில் தெரியும். மென்மையாக நிறுத்துவது அதன் வேலையே இல்லை.

கேமரா மட்டும் இருந்தால் போதுமா, ரேடாரும் வேண்டுமா?

கேமராவால் வடிவத்தை அடையாளம் காண முடியும்: இது கார், இது மனிதர், இது சைக்கிள். எதிர்வெயில், அடர்மழை, பனிமூட்டம், அழுக்குக் கண்ணாடி ஆகியவற்றில் அது திணறும். ரேடாருக்கு இருட்டும் மழையும் பெரிய பொருட்டல்ல. தூரத்தையும் வேகத்தையும் துல்லியமாகச் சொல்லும். ஆனால் தான் பார்ப்பது லாரியின் பின்பக்கமா, பாலத்தின் இரும்புச் சட்டமா என்று பிரித்தறிவதில் அது மந்தம்.

இரண்டும் உள்ள கார் பொதுவாக மேல். அதற்காகக் கேமரா மட்டும் உள்ளதை ஒதுக்க வேண்டியதில்லை. ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டிலும் எலிவேட்டிலும் அகன்ற பார்வை கொண்ட ஒற்றைக் கேமராதான். எண்ணிக்கையை விட, மனிதரையும் இருசக்கர வாகனத்தையும் அறியும் என்று உரிமையாளர் கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

விளம்பரத்தை விடுங்கள். விபத்து உண்மையில் குறைகிறதா?

குறைகிறது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம், காவல்துறைப் பதிவேடுகளில் உள்ள விபத்துகளை வைத்து ஒப்பிட்டது. எச்சரிக்கையும் ஏஇபி-யும் உள்ள கார்கள் முன்வண்டியின் பின்னால் இடிப்பது, அவை இல்லாத கார்களை விடப் பாதியாகக் குறைந்திருந்தது. காயம் ஏற்படும் விபத்துகளில் குறைவு 56 சதவீதம். வெறும் எச்சரிக்கை ஒலி மட்டும் உள்ள கார்களில் பலன் இதில் பாதிதான். ஆகவே 'எங்கள் காரிலும் மோதல் எச்சரிக்கை இருக்கிறது' என்று விற்பனையாளர் மழுப்பினால், அது பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்று நேராகக் கேளுங்கள்.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையில் மோதல் வகைகளில் முதலிடம் பின்னாலிருந்து இடிப்பதற்குத்தான். மொத்த விபத்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அதே ஆண்டில் மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. ஏஇபி தடுக்கக்கூடிய வகை விபத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

முழுவதும் நிற்காமல் கடைசியில் இடித்துவிட்டால் என்ன பயன்?

இந்தக் கேள்வியில்தான் பலர் ஏஇபி-யைத் தவறாக எடைபோடுகிறார்கள். மோதலின் வலு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இடிக்க வேண்டிய கார் 40-க்கு இறங்கி இடித்தால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. மோதும் ஆற்றலோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

நெடுஞ்சாலைக் கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். இடிக்க ஒன்றரை வினாடி இருக்கும்போது கார் முழு பிரேக் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; நின்றிருக்கும் தடை 42 மீட்டர் முன்னால் இருக்கிறது. காய்ந்த சாலை, நல்ல டயர் என்றாலும் நிற்க 48 மீட்டர் வேண்டும். ஆகவே இடிக்கும். ஆனால் 100-இல் இடிக்காது, சுமார் 36-இல் இடிக்கும். இது காகிதக் கணக்கு. பிரேக் முழு அழுத்தம் பெறவும் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். அப்படியும், 100-இல் இடித்த காரிலிருந்து ஆளை வெளியே எடுப்பதற்கும், நாற்பதுக்குப் பக்கத்தில் இடித்த காரிலிருந்து அவரே கதவைத் திறந்துகொண்டு இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

தேய்ந்த டயரில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஏஇபி உள்ள மாடலை வாங்கிவிட்டு, மொட்டை டயரில் இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களை என்ன சொல்வது!

எந்த வேகம் வரை நம்பலாம்?

அமெரிக்க மோட்டார் சங்கம் 2022-இல் நடத்திய சோதனையில், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் 20 ஓட்டங்களில் 17-இல் கார் இடிக்காமல் நின்றது. வேகத்தை 64 ஆக்கியதும் 20-இல் 6 மட்டுமே. அதே சங்கம் 2024-இல் சோதித்த புதிய கார்கள் 56 கிலோமீட்டர் வேகம் வரை ஒவ்வொரு முறையும் தப்பின. 2017, 2018 ஆண்டுக் கார்களோ பாதி முறைதான் தப்பின. 89 கிலோமீட்டரில் புதிய கார்களும் தோற்றன.

ஆக, தொழில்நுட்பம் வேகமாகத் தேறிவருகிறது. பழைய கார் வாங்குபவர்கள் 'ஏஇபி இருக்கிறது' என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம்; அது எந்த ஆண்டு ஏஇபி என்பதும் கணக்கு.

நாற்சந்தியில் குறுக்கே பாயும் வண்டி விஷயத்தில் நம்பிக்கையே வைக்க வேண்டாம். 2022 சோதனையில் பக்கவாட்டில் குறுக்கே வந்த காரை ஒன்றுகூடத் தவிர்க்கவில்லை. கேமராவின் பார்வைக்குள் அந்த வண்டி வந்து, அது இன்னதென்று புரிவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

இருசக்கர வாகனம், ஆட்டோ, மாடு... இவையெல்லாம் அதற்குத் தெரியுமா?

நம் சாலைக்கு இதுதான் தலையான கேள்வி. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் 44.5 சதவீதம், நடந்து சென்றவர்கள் 19.5 சதவீதம். காரின் பின்பக்கத்தை மட்டும் அறியும் ஏஇபி உங்கள் பம்பரைக் காக்கும்; சாலையில் சாகிறவர்களைக் காக்காது.

பைக்கின் பின்பக்கம் ஒடுக்கமானது, ரேடாருக்குச் சின்னப் புள்ளி. மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து இரண்டு பக்கமும் மூட்டை தொங்கினால் வடிவமே வேறு. புதிய அமைப்புகள் பைக்கையும் சைக்கிளையும் நடப்பவரையும் அறியும்படி பயிற்சி பெற்றவை. ஆனாலும் காரை அறிவது போன்ற உறுதி கிடையாது. ஆட்டோ அகலமாக இருப்பதால் ஒப்பீட்டளவில் எளிது.

மாட்டை நம்பாதீர்கள். வோல்வோ போன்ற ஒருசிலர் பெரிய விலங்குகளை அறியும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அது சுவீடனின் காட்டுச் சாலையில் குறுக்கிடும் மூஸ் என்ற பெரிய மான்களை மனதில் வைத்து. இங்கே விற்கும் பெரும்பாலான கார்களின் கையேட்டில், விலங்குகளுக்கு இது வேலை செய்யாமல் போகலாம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் நெடுஞ்சாலை நடுவே காய்ந்த இடம் தேடிப் படுத்திருக்கும் மாடு தரையோடு தரையாக இருக்கும். அதற்கு உங்கள் கண்ணும் ஹெட்லைட்டும்தான் துணை.

இரவில் எப்படி?

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நடப்பவரை அறியும் ஏஇபி உள்ள கார்கள் பாதசாரிகள் மீது மோதுவது மொத்தத்தில் 27 சதவீதம் குறைந்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலைகளை மட்டும் தனியே பார்த்தால், அந்த வசதி உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் வித்தியாசமே இல்லை. கேமரா ஒரு கண்தானே. வெளிச்சம் இல்லாத இடத்தில் அதற்கும் தெரியாது.

நடப்பவரை விடுங்கள். நம் நெடுஞ்சாலைகளில் குடும்பம் குடும்பமாக உயிரைக் குடிக்கும் விபத்து எது என்று உள்ளூர்ச் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும்: சாலையோரம் நிறுத்தப்பட்ட லாரியின் பின்னால் கார் மோதுவது. சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில் விடியற்காலை மூன்று மணி. ஓட்டுநர் கண் அசரும் நேரம். இடதுபுறம் பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்விளக்கு எரியவில்லை. சிவப்பு ஸ்டிக்கர் மண் படிந்து மங்கிப் போயிருக்கிறது. எச்சரிக்கை முக்கோணத்துக்குப் பதில் இரண்டு கற்களும் ஒரு வேப்பங்கொத்தும்.

இந்த இடத்தில் ஏஇபி-க்கு மூன்று இடைஞ்சல்கள். முதலாவது, ரேடாரின் பழைய பழக்கம். வேகமாகப் போகும் காருக்கு நிற்கும் பொருள்கள் எங்கும் தெரிகின்றன: பெயர்ப்பலகை, பாலத்தூண், தடுப்புச் சுவர், சாலையில் கிடக்கும் இரும்பு மூடி. ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் காரை ஓட்டவே முடியாது. அதனால் அதிக வேகத்தில் அசையாத பொருள்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபடி பல அமைப்புகளை வடிவமைத்தார்கள். இரண்டாவது, கேமரா 'இது வண்டி' என்று உறுதிசெய்தால்தான் முழு பிரேக் விழும். விளக்கு இல்லாத, தார்ப்பாய் மூடிய, பின்னால் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் லாரியோ கரும்பு ஏற்றிய டிராக்டரோ அது பழகிய வடிவமே அல்ல. மூன்றாவது, லாரியின் பின்பகுதி உயரத்தில் இருப்பதால் கார் அதன் அடியில் புகுந்துவிடுகிறது. அப்போது முன்னால் உள்ள பம்பரும், மோதலின் வலுவை நசுங்கி வாங்கிக்கொள்ளும் பகுதியும் வேலை செய்வதற்கு முன்பே லாரியின் பின்பகுதி காரின் முன்கண்ணாடி வரை வந்துவிடும்.

இருந்தும் நான் இரவுப் பயணத்துக்கு ஏஇபி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கண் அசந்தவரை அந்த அலறல் எழுப்பிவிட்டால்கூட லாபம்தான். ஆனால் அதை நம்பி இரவு பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவது வேறு விஷயம்.

காரணமே இல்லாமல் பிரேக் பிடிக்கிறது என்கிறார்களே?

உண்மைதான். இது ஏஇபி-யின் பெரிய குறை. இல்லாத ஆபத்தைக் கண்டு கார் பிரேக் பிடிப்பது உலகம் முழுவதும் உள்ள புகார். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2022 பிப்ரவரியில் டெஸ்லாவின் மாடல் 3, மாடல் ஒய் கார்கள் மீது 354 புகார்களை வைத்து விசாரணை தொடங்கியது. அதே மாதம் ஹோண்டாவின் அக்கார்ட், சிஆர்-வி கார்கள் மீதும் தொடங்கியது.

நம் ஊரில் எங்கெல்லாம் இது நடக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். வளைவில் ஓரமாக நிற்கும் வண்டி, கேமராவுக்கு நேர் எதிரே நிற்பது போலத் தெரியும். மெட்ரோ பணிக்காகத் தகரத் தடுப்பு அடைத்த சாலை திடீரென்று குறுகித் திரும்பும் இடம். காவல்துறை குறுக்கும் நெடுக்குமாக வைத்த இரும்புத் தடுப்புகள். சுங்கச்சாவடியில் முன்வண்டியை ஒட்டிப் போகும்போது இறங்கும் தடுப்புக் கம்பி. எல்லாவற்றுக்கும் மேலாக, இடதுபுறமிருந்து முந்தி, உங்கள் பம்பருக்கும் முன்வண்டிக்கும் இடையே ஒரு கைப்பிடி இடைவெளியில் நுழையும் பைக். நமக்கு அது அன்றாடம். அவர் நுழைந்து போய்விடுவார் என்று நமக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. அதன் கணக்குப்படி முக்கால் வினாடியில் மோதல்.

அந்தக் கடைசி வகையைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே ஆபத்து நிஜம், நாம்தான் பழகிவிட்டோம். எச்சரிக்கையின் உணர்திறனைக் குறைக்கும் அமைப்பு பெரும்பாலான கார்களில் உண்டு: 'தாமதமாக' என்று வைத்தால் நகரத்தில் தொல்லை குறையும். ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ ஸ்டியரிங்கைச் சட்டெனத் திருப்பினாலோ பெரும்பாலான கார்கள் பிரேக்கை விட்டுவிடும். ஒரே இடத்தில் வெறும் சாலையில் திரும்பத் திரும்பப் பிடித்தால் மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். தேதி, இடம், வேகம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். 'சும்மா சும்மா பிடிக்கிறது' என்றால் அவர்கள் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

என் கார் தானாக நின்று, பின்னால் வந்தவர் இடித்தால் யார் பொறுப்பு?

போதிய இடைவெளி விட்டு வர வேண்டியது பின்னால் வருபவரின் கடமை. சாலை விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் தகுந்த காரணமில்லாமல் திடீர் பிரேக் பிடிக்கக் கூடாது என்பதும் விதிதான்.

கோயம்புத்தூரில் 2017-இல் நடந்த விபத்து ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தந்த தீர்ப்பு இங்கே படிக்கத் தக்கது. நெடுஞ்சாலையில் கார் ஒன்று திடீரென நின்றது. பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார்; பின்னால் வந்த பேருந்து அவர் மீது ஏறியதில் ஒரு காலை இழந்தார். கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டியதால் நிறுத்தியதாகக் காரை ஓட்டியவர் சொன்ன விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கார் ஓட்டுநர் 50 சதவீதம், பேருந்து ஓட்டுநர் 30, மாணவர் 20 என்று பொறுப்பைப் பிரித்தது.

அது மனிதர் பிடித்த பிரேக். 'கார் பிடித்தது, நான் பிடிக்கவில்லை' என்று தப்பிக்க இடமிருக்கும் என்று எண்ண வேண்டாம். கட்டுப்பாடு எப்போதும் ஓட்டுநரிடமே என்று கையேட்டின் முதல் பக்கங்களிலேயே தயாரிப்பாளர் எழுதி வைத்திருக்கிறார். முன்னும் பின்னும் பதிவுசெய்யும் டேஷ்கேம் பொருத்துவது இந்த வகையில் நல்ல செலவு.

நகரத்தில் தொல்லையாக இருக்கிறது. அணைத்து வைக்கலாமா?

அணைக்கும் வசதி உண்டு. வண்டியை அணைத்து மீண்டும் கிளப்பினால் பெரும்பாலான கார்களில் தானாக உயிர்பெற்றுவிடும். நகரத்தில் 30, 40 வேகத்தில்தான் அது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்பதை மேலே பார்த்தோம். அங்கேயே அணைப்பது வீண். தடம் காக்கும் வசதியை அணையுங்கள், வேகத்துக்கேற்ப ஓடும் குரூஸை அணையுங்கள், இதை விட்டுவையுங்கள். வண்டியை இழுத்துச் செல்லும்போதும், ரோலர் மீது பிரேக் சோதனை செய்யும்போதும் அணைக்கத்தான் வேண்டும். அதைக் கையேடே சொல்லும்.

இது இருப்பதால் ஓட்டுநர் அசட்டையாகிவிட மாட்டாரா?

சிலர் ஆகிறார்கள். ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டிலைச் செருகிவிட்டுச் சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து படம் எடுத்துப் போடும் வீரர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏஇபி மட்டும் தனியாக இருந்தால் இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அன்றாட ஓட்டத்தில் அது கண்ணிலேயே படாது. குரூஸும் தடம் காப்பதும் சேர்ந்து, கார் தானே ஓடுவது போன்ற மயக்கத்தைத் தரும்போதுதான் கை கைப்பேசிக்குப் போகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி குனிந்தால் 44 மீட்டர் குருட்டு ஓட்டம்.

பராமரிப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

கேமரா பார்க்கும் இடத்தில் கண்ணாடி துப்புரவாக இருக்க வேண்டும். அங்கே ஸ்டிக்கர், கூலிங் பேப்பர், சங்கக் கொடி எதுவும் கூடாது. ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது கேமராவுக்கு நேரே வைக்காதீர்கள். ரேடார் இருக்கும் கிரில்லின் மேல் மாலை போட்டு அப்படியே நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். முன்னால் பொருத்தும் இரும்பு கார்டை மத்திய அரசு 2017-லேயே தடைசெய்துவிட்டது. ஏஇபி உள்ள காரில் அது ரேடாரின் கண்ணையும் மறைக்கும்.

முன்கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவை மீண்டும் அளவுபார்த்துச் சீரமைக்க வேண்டும். கோடு போட்ட பலகையைக் குறிப்பிட்ட தூரத்தில் நிறுத்தி, கணினியை இணைத்துச் செய்யும் வேலை அது. சில கார்களில் ஓட்டியும் சரிசெய்கிறார்கள். கோணம் இம்மி பிசகினால் 50 மீட்டர் தள்ளி அடுத்த தடத்து வண்டியைத் தன் எதிரே இருப்பதாக எண்ணும். சாலையோரக் கண்ணாடிக் கடையில் பாதி விலைக்கு மாற்றியவர்களிடம் இந்த வேலையைச் செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் முழிப்பார்கள். பம்பருக்கு டிங்கரிங் செய்து தடிமனாகப் புட்டி பூசுவதும் ரேடாருக்கு ஆகாது. காப்பீட்டுக் கோரிக்கையில் இந்தச் சீரமைப்புக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பார்த்துவிடுங்கள்.

பழைய காரில் பொருத்திக்கொள்ளலாமா?

முடியாது. எச்சரிக்கை ஒலி தரும் கருவிகள் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. பிரேக் பிடிக்கச் செய்வதாகச் சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள். பிரேக் அமைப்போடு விளையாடும் இடம் அல்ல இது.

சட்டப்படி கட்டாயமா?

இந்தியாவில் சாதாரணக் கார்களுக்கு இல்லை. பேருந்து, லாரி போன்ற பெரிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய அமைச்சகம் 2025 மார்ச்சில் வெளியிட்டது. என்னைக் கேட்டால் வரிசை சரிதான். கார் லாரியில் இடித்தால் ஒரு குடும்பம், பேருந்து இடித்தால் ஒரு ஊர். கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு தரும் இந்தியத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியபோது ஏஇபி-க்கு மதிப்பெண் வைக்கவில்லை. ஆகவே ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்பதாலேயே அதில் ஏஇபி இருக்கும் என்று எண்ணக் கூடாது.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். ஜப்பானில் 2021 நவம்பரில் புதிய மாடல்களுக்குத் தொடங்கியது. அமெரிக்க ஆணையம் 2024-இல் வகுத்த விதிப்படி 2029 செப்டம்பருக்குள் எல்லாக் கார்களும், சுமார் 100 கிலோமீட்டர் வேகம் வரை முன்வண்டியை இடிக்காமல் நிற்க வேண்டும். நடப்பவரை இரவிலும் அறிய வேண்டும். அந்த விதி ஆண்டுக்குக் குறைந்தது 360 உயிர்களைக் காக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

இதற்காக உயர்ந்த மாடலுக்குப் போகலாமா?

சன்ரூஃபும் பெரிய திரையும் காற்றோட்டச் சீட்டும் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குள்தான் நம் நிறுவனங்கள் ஏஇபி-யை வைக்கின்றன. உயிர் காக்கும் பொருளை அலங்காரத்தோடு சேர்த்து விற்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் கடை விதி அதுதான். பணம் அளவோடு இருந்தால் முதலில் ஆறு ஏர்பேக், வண்டி சறுக்கித் திரும்பாமல் காக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, நல்ல உடற்கட்டு. இவை இல்லாத காரில் ஏஇபி இருந்து பயனில்லை. இவை இருந்து, நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர், நெரிசலில் தினமும் ஓட்டுகிறவர், வயதாகி எதிர்வினை குறைந்த பெற்றோர் ஓட்டும் கார் என்றால் கடன் தவணை சற்றுக் கூடினாலும் வாங்குங்கள். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கடைக்கும் போகும் காருக்கு அவசரமில்லை.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்க முடியுமா?

அட்டைப்பெட்டியை நிறுத்தி ஓட்டிப் பார்க்கிறார்கள். அட்டைப்பெட்டியை வண்டி என்று அது எண்ணாது. அதைவிட மோசம், நண்பரை எதிரே நிற்க வைப்பது. 2015-இல் டொமினிக்கன் குடியரசில் வோல்வோ எக்ஸ்சி60 ஒன்றை இப்படிச் சோதித்து, நின்றவர்கள் மீது ஏற்றிய காணொளி உலகம் சுற்றியது. அந்தக் காரில் நடப்பவரை அறியும் வசதியே வாங்கப்படவில்லை என்றும், இருந்திருந்தாலும் ஓட்டியவர் ஆக்சிலரேட்டரை அழுத்தியதால் அது விலகியிருக்கும் என்றும் நிறுவனம் விளக்கியது. டெஸ்ட் டிரைவின்போது காரை நிறுத்திவிட்டு, திரையில் அமைப்புகளுக்குள் போய், ஏஇபி எங்கே இருக்கிறது, எத்தனை நிலை இருக்கிறது, அணைத்தால் மீண்டும் தானாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு கையேட்டை வாங்கி, எந்தெந்த நிலைமையில் வேலை செய்யாது என்ற பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலும் நான்கைந்து பக்கம் வரும். விற்பனையாளர் காபி கொண்டுவருவதற்குள் படித்துவிடலாம்.